புது ரிகர்சல் ரூமும் ஒரு இடது காதும்

"வெளியில ஒரு பொட்டு சத்தம் கேக்காது மேடம், ரூமை அவ்ளோ டைட்டா பண்ணிட்டோம். ஆனா எனக்குதான் கொய்ங்னு ஒண்ணு போகவே மாட்டேங்குது."

எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு 26 வயது. ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். மூன்று வாரமாக இடது காதில் இரைச்சல். ராத்திரி ஃபேனை நிறுத்தினால் இரைச்சல் பெரிதாகிவிடுகிறது என்று, மழை பெய்யும்போதும் ஐந்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாராம். அடுப்படியில் அம்மா எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் காது கூசுகிறது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் என்ற முறையில் இந்த மாதிரி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சமீபத்துல எதை மாத்துனீங்க?" ஹெட்போன் மாற்றவில்லை. டிரம்ஸ் செட் அதேதான். புதிதாக மாத்திரை எதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரிகர்சல் ரூம்தான் மாத்துனோம்."

முந்தைய இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்க ஸ்டோர் ரூம். சுருட்டி அடுக்கிய ஜமக்காளங்கள், பந்தல் துணி மூட்டைகள், மெத்தை வைத்த நாற்காலிகள் நடுவே இடம் ஒதுக்கி வாசித்திருக்கிறார்கள். அழுக்கு, பல்லி, கொசு எல்லாம் உண்டு. புது இடம் வடபழனிப் பக்கம், முதல் மாடியில் 10க்கு 12 அடி அறை. டைல்ஸ் தரை, பெயிண்ட் அடித்த சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். பார்க்க அழகாக இருந்ததால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரமே கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் ரப்பர் பட்டை வைத்து அடைத்து, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் சமாதானமாகிவிட்டார். அந்தச் சத்தமெல்லாம் எங்கே போனது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புது அறைக்குக் குடிபோகும் எந்தக் குழுவைக் கேட்டாலும் "சவுண்ட் ப்ரூஃப் பண்ணணும்" என்பதுதான் முதல் கவலை. அது அடுத்த வீட்டுக்காரருடைய காதைப் பற்றிய கவலை. நியாயமானதுதான், சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் வெளியே விடாமல் தடுத்த சத்தம் உள்ளேயேதான் சுற்றும். திறந்த ஜன்னல் வழியாகப் போய்த் தொலைந்த சத்தம், அடைத்த பிறகு கண்ணாடியில் மோதி வாசிப்பவர் காதுக்கே திரும்பி வருகிறது.

நாகஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் திறந்த மண்டபத்துக்கும் வளர்ந்த வாத்தியங்கள். அந்தத் தவிலை ஒரு படுக்கையறைக்குள் வைத்துத் தினம் மூன்று மணி நேரம் வாசியுங்கள் என்றால் எந்த வித்வானும் சிரிப்பார். டிரம்ஸ் செட்டை மட்டும் நாம் கூசாமல் 10 அடி அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறோம்.

தம்பிக்கு ஆடியோகிராம் எடுத்தேன். எந்த ஸ்வரத்தில் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை காதுக்குக் கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது; டெசிபல் எண் கூடக் கூடக் கோடு கீழே இறங்கும், கேட்கும் திறன் குறைவு என்று அர்த்தம். 2 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இரண்டு காதும் சுத்தம். 4 கிலோஹெர்ட்ஸில் வலது காது 30 டெசிபலுக்கும் இடது காது 45க்கும் இறங்கியிருந்தது. 8 கிலோஹெர்ட்ஸில் கோடு மறுபடி மேலே ஏறிவிட்டது. இந்தப் பள்ளம் சத்தத்தின் கைரேகை மாதிரி. வயதால் வருகிற குறைபாட்டில் கோடு கீழே சரிந்துகொண்டே போகும், இப்படித் திரும்பி ஏறாது. இடது காது ஏன் அதிகம்? டிரம்ஸ் செட்டில் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டை வலது கைக்காரர்கள் இடது பக்கம்தான் வைக்கிறார்கள்.

முந்தைய நாள் ராத்திரி ஒன்பது மணி வரை ரிகர்சல் என்று பிறகுதான் சொன்னார். இரண்டு நாள் வாசிக்காமல், இயர்போனும் போடாமல் மறுபடி வரச் சொன்னேன். இந்த முறை இடது காது 30, வலது காது 20. முதல் நாள் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு, களைத்துப்போன காது. ஓய்வு கொடுத்தால் அது மீளும். மீதி அப்படியே நின்றது. உள்காதின் நத்தைச் சுருளில் ஒவ்வொரு பக்கமும் சத்தத்தை உணரும் மயிரிழைச் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. கோழிக்கும் புறாவுக்கும் அவை செத்தால் திரும்ப முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. "அப்போ கோழிக்கு டிரம்ஸ் கத்துக்குடுக்கலாம்"னு சிரித்தார். சிரித்தாலும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒலி அளவிடும் மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்கே போனேன். வழக்கமாக நான் அப்படிப் போவதில்லை. முட்டை அட்டையைப் பார்க்கும் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைச் சாத்திவிட்டுக் கையைத் தட்டினேன். தட்டிய கை நின்ற பிறகும் சத்தம் ணங்கென்று சுவருக்குச் சுவர் ஓடியது. நான்கு பாட்டு வாசிக்கச் சொல்லி, டிரம்மர் காதுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்தேன். சராசரி 103 டெசிபல். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குச் சொல்லும் கணக்கை நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம்: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி. அப்படியே இறங்கினால் 100க்கு 15 நிமிடம், 103க்கு ஏழரை நிமிடம். இவர்கள் வாசிப்பது மூன்று மணி நேரம். ஒரு நாள் கோட்டாவைப் போல 24 மடங்கு, ஒரே சாயங்காலத்தில். கச்சேரி மாதத்துக்கு நாலுதான் வரும். ரிகர்சல் வாரத்துக்கு மூன்று.

"நாங்க வால்யூம் ஏத்தவே இல்லையே" என்றார் கிட்டார் வாசிப்பவர். பொய் இல்லை, முதல் நாள் ஏற்றவில்லைதான். மண்டபத்தில் ஜமக்காளம் குடித்த சத்தத்தை இங்கே குடிக்க எதுவும் இல்லாததால், அதே வாசிப்பு இந்த அறையில் பெரிதாகக் கேட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலானதும் அவரவர் வாத்தியம் அவரவர் காதுக்குக் கேட்கவில்லை. ஒருவர் ஒரு புள்ளி ஏற்றினார், அடுத்தவர் இரண்டு. மூன்றாம் வாரத்தில் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) குமிழ் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பேஸ் கிட்டார்காரருக்கு வேறொரு புகார். ஏ கம்பியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் மட்டும் அறையே பூம் என்று அதிர்கிறதாம், பக்கத்து ஸ்வரங்கள் சாதாரணமாக இருக்கின்றனவாம். கிட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்து, அந்தச் செலவும் ஆயிருக்கிறது. டேப்பை வைத்து அளந்தேன். அகலம் 10 அடி, கூரை உயரமும் 10 அடி. 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவே இயல்பாக எழும்பும் அதிர்வு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். பேஸின் ஏ கம்பி 55. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் அதே ஸ்வரத்தை அறை இரண்டு தடவை தூக்கிக் கொடுக்கிறது. போதாததற்கு ஆம்ப் மூலையில் இருந்தது, மூலை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். அறை பார்க்கப் போகும்போது வாடகையோடு இதையும் பாருங்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக இருக்கிற அறை நல்லது. சதுரமான பெட்டி அறை வேண்டவே வேண்டாம்.

முட்டை அட்டைக்கு வருகிறேன். அது சத்தத்தைத் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும், செங்கல், தடித்த பலகை, இடுக்கில்லாத கதவு போல. அட்டையில் எடையே இல்லை. எதிரொலியையும் உச்ச ஸ்வரங்களில் ஏதோ கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தியது ரப்பர் பட்டை, பெயர் வாங்கிக்கொண்டது முட்டை அட்டை.

காது பார்க்கிறவள் இதைச் சொல்வது வரம்பு மீறலாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: அட்டையும் மலிவான ஸ்பாஞ்சும் தீப்பிடித்தால் தப்பிக்க நேரம் தராது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சான்டா மரியாவில் 242 பேர், 2015இல் புக்கரெஸ்ட்டில் 64 பேர். மூன்று இடத்திலும் ஒலிக்காக ஒட்டிய ஸ்பாஞ்ச்தான் எரிந்தது. இந்த அறைக்கு இருப்பது ஒரே கதவு. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு ஆம்ப் செருகியிருந்தது, பிளக் சூடாக இருந்தது. அன்றைக்கே அட்டையைப் பிய்க்கச் சொன்னேன்.

பதிலாக என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. தரைக்குத் தடித்த ஜமக்காளம், அதுவும் அந்தப் பழைய மண்டபத்திலிருந்தே விலைக்கு வாங்கியது. கண்ணாடி ஜன்னலுக்கும் எதிர்ச்சுவருக்கும் கனமான திரை, மடிப்பு மடிப்பாக. இதனால் 3 டெசிபல்தான் குறைந்தது. மீதி, வாத்தியங்களை இடம் மாற்றியதில் வந்தது. கிட்டார் ஆம்ப் தரையில், வாசிப்பவரின் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. கூர்மையான சத்தம் முழுக்க அவர் முட்டியில் பட்டு, எதிரே நிற்கும் பாடகியின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது, வாசிப்பவருக்கோ கேட்கவில்லை. ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து அவர் காதைப் பார்க்கத் திருப்பினோம். அவராகவே குமிழை இரண்டு புள்ளி குறைத்தார். பேஸ் ஆம்பை மூலையிலிருந்து இழுத்தோம். டிரம்ஸைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். பெரிய மேடையில் அது சரி. இந்த அளவு அறையில் அடித்த சத்தத்தை டிரம்மர் முகத்துக்கே திருப்பி அடிக்கும். தடியான குச்சிக்குப் பதிலாக, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட் வாங்கச் சொன்னேன். மறுபடி அளந்தபோது 97. இன்னமும் அரை மணி நேரக் கோட்டாதான். அதனால் காதடைப்பான் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

பஞ்சு உருட்டி வைத்துக்கொள்வது வீண், ஏதோ வைத்திருக்கிறோம் என்ற திருப்தி மட்டும்தான் மிச்சம். மருந்துக்கடை மஞ்சள் ஃபோம் நன்றாகத் தடுக்கும், ஆனால் சிம்பலின் மினுக்கை அதிகமாகத் தின்றுவிடுவதால் இசைக்காரர்கள் பாதியில் கழற்றிவிடுவார்கள். இவர்களுக்கென்றே, எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்கும் ஃபில்டர் வைத்த அடைப்பான்கள் வருகின்றன, 9, 15, 25 டெசிபல் என்று. காதின் அச்செடுத்தும் செய்யலாம். 97இல் 15 போனால் 82, மூன்று மணி நேரம் தாங்கும். பாடகி மட்டும் அடம்பிடித்தார்: "பானைக்குள்ள தலையை விட்டுப் பாடுற மாதிரி இருக்கு." அது கற்பனை இல்லை. காதை மூடினால் நம் குரலே எலும்பு வழியாகப் பெரிதாகக் கேட்கும். அச்சை காதுக்குழாயின் இரண்டாவது வளைவு தாண்டி ஆழமாக எடுத்தால் அது பெருமளவு குறையும். இரண்டாவது தடவை அப்படி எடுத்துக் கொடுத்த பிறகு போட்டுக்கொள்கிறார்.

உலகப் புகழ்பெற்றவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் காது போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தை நடுவில் நிறுத்தினார். தி ஹூ ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு மேடையைவிட ஸ்டுடியோ ஹெட்போனைத்தான் குற்றம் சொல்கிறார். ரசிகர் இல்லாத அறைதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

ரிகர்சல் முடிந்து வீட்டுக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்த மாதிரி மந்தமாக இருந்தாலோ, கொய்ங் என்றாலோ, அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் வேறுவேறு சுருதியில் கேட்டால் தள்ளிப்போடாமல் வாருங்கள். சுருதிப்பெட்டியைச் சந்தேகப்பட்டு மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு காது திடீரென்று முழுதாக அடைத்துக்கொண்டால் அழுக்கு என்று எண்ணெய் ஊற்றாமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், அதில் நாள் கணக்கு முக்கியம். டெஸ்டுக்கு வருவதானால் முந்தைய இரண்டு நாள் வாசிக்காமல் வருவது நல்லது. பைக்கில் போகும்போது இயர்போனில் பாட்டுக் கேட்பதும் அந்த நாள் கணக்கில்தான் சேரும். இதை டிரம்மர் தம்பி கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் அவர் இடது காது 25இல் நிற்கிறது. இரைச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஃபேன் மூன்றுக்கு வந்துவிட்டது. கீபோர்டுகாரர்தான் பாக்கி. "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நல்லாத்தான் கேக்குது" என்பார் எப்போது கேட்டாலும். அந்த அறையில் அவர் உட்காருவது கிராஷ் சிம்பலுக்கு இரண்டு அடி தள்ளி, அது நேராக அவர் காது உயரத்தில். இன்னும் டெஸ்டுக்கு வரவில்லை.