குந்திப்போன ஜீப்பும் கமான் பட்டையும்

அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் டீசல் ஜீப்புக்கு இருபது வயது. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போய் வந்த வண்டி. இப்போது காலியாக நிறுத்தினாலும் மூட்டை ஏற்றியதுபோலப் பின்பக்கம் குந்திக்கொண்டு நிற்கிறது. ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுப் புளியமரக் கிளையில் விழுகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ‘டொம்’ என்று ஒரு அடி.

“பட்டைல டெம்பர் போச்சுடா” என்றார் பெரியப்பா. லாரிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் நம்பினேன். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டி வண்டியின் எடையைத் தாங்கவிடும் லீஃப் ஸ்பிரிங்கை நம் ஊரில் கமான் பட்டை என்கிறோம். கமான் என்றால் பாரசீகத்தில் வில். பொருத்தமான பெயர்தான். வில்லின் இரண்டு நுனியும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டியிருக்கும், நடுப்பகுதி சக்கர அச்சான ஆக்சிலோடு யு போல்ட்டால் கட்டியிருக்கும். பாரம் ஏறினால் வில் நிமிரும், இறங்கினால் மறுபடி வளையும். நிமிரும்போது நுனிகளுக்கு இடையே நீளம் கூடுவதால், பெரும்பாலும் பின் நுனியை ஊஞ்சல்போல ஆடும் ஷேக்கிள் என்ற இணைப்பில் தொங்க விடுகிறார்கள்.

ஒரு கமான் எவ்வளவு விறைப்பு என்பதைப் பட்டையின் நீளம், அகலம், தடிமன், அப்புறம் வளைப்பதை எஃகு எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் மீள்தன்மை எண், இவைதான் தீர்மானிக்கின்றன. இந்தக் கடைசி எண்தான் சுவாரசியம். கொல்லன் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து டெம்பர் ஏற்றிய எஃகுக்கும், சும்மா ஆறவிட்ட மெத்தென்ற எஃகுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. டெம்பர் ஏற்றுவதால் விறைப்பு கூடுவதில்லை. எவ்வளவு தூரம் வளைத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் என்ற எல்லைதான் உயர்கிறது.

ஆகவே இருபது வருடப் பட்டையும் புதுப் பட்டையும் ஒரே அளவுதான் அமுங்கும். ஒரு பக்கம் 1 செ.மீ. அமுங்க 30 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நான்கு பேர், 240 கிலோ ஏறினால் பக்கத்துக்கு 120 கிலோ, அதாவது 4 செ.மீ. இறக்கம். பழசிலும் 4, புதுசிலும் 4. பழசு தொடங்கும் இடம்தான் கீழே போய்விட்டது. இறங்க மிச்சமிருக்கும் இடம் குறைவு என்பதால் ஆக்சில் சீக்கிரமே மேலே தடுப்பாக இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. அந்த ‘டொம்’ அதுதான்.

தொடங்கும் இடம் ஏன் இறங்கியது? எஃகுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தாலும் அந்த அடுக்கில் அங்கங்கே பிசகு உண்டு. வருடக்கணக்கில் பாரம் அழுத்தும்போது இந்தப் பிசகுகள் துளித்துளியாக நகர்கின்றன. ஒவ்வொரு பெரிய பள்ளமும் ஓவர்லோடும் அவற்றை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். நகர்ந்தது திரும்பாது. இந்த நகர்வைத் தடுக்கத்தான் சில வகை ஸ்பிரிங் எஃகில் 1.5 முதல் 2 சதவீதம் வரை சிலிக்கான் சேர்ப்பார்கள். தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

ஒரே தடிப் பட்டையாகப் போட்டால் என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், வண்டி கட்டைவண்டிபோலக் குதிக்கும். அதே இரண்டு பட்டைகளைத் தனித்தனியாக அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான். நடுவில்தான் வளைக்கும் விசை அதிகம், நுனியில் இல்லை. அதனால் கீழே போகப் போகப் பட்டைகள் குட்டையாகின்றன, தேவையான இடத்தில் மட்டும் எஃகு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் சற்று அடங்குகிறது. துரு ஏறினால் அந்த உரசலே கீச்சு மூச்சென்று தொல்லையாகும்.

பெரியப்பா முதலில் போனது பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தரச்சொல்லி. பட்டறை பாய் தயங்கினார். “அடிச்சுக் குடுத்தா ஆறு மாசம் நிக்கும், பெரியவரே. அப்புறம் மறுபடியும் குந்திக்கும்.”

பாய் அனுபவத்தில் சொன்னதற்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான யோஹான் பௌஷிங்கர் கவனித்தது: உலோகத்தை ஒரு பக்கம் நிரந்தரமாக வளைத்துவிட்டால், எதிர்ப்பக்கம் வளைவது முன்னைவிட எளிதாகிவிடும். குளிர்ந்த பட்டையைச் சுத்தியலால் அடித்து மேல்நோக்கி வளைக்கிறோம். பாரம் அதை எதிர்ப்பக்கம்தான் தள்ளுகிறது. கமான் தயாரிக்கும் ஆலையில் இதையே தலைகீழாகச் செய்வார்கள்: தேவைக்கு மேல் வளைத்து உருவாக்கி, பிறகு சாலையில் வரக்கூடியதைவிடப் பெரிய பாரத்தால் ஒருமுறை அமுக்கிவிடுவார்கள். படிய வேண்டியது அங்கேயே படிந்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை செருகுவது இன்னொரு வழி. உயரம் வரும், விறைப்பும் கூடிவிடும், காலி வண்டியில் இடுப்பு கழன்றுவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். ஜாக்கியை நம்பாமல் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்தார் பாய். பழைய யு போல்ட்டுகளை ஓரமாகப் போட்டார். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடிப்பைத் தராது. பிடிப்பு தளர்ந்தால், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும்.

நான் ரசித்தது வேறொன்று. கமான் நுனிகளில் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை அவர் வண்டி தூக்கியிருக்கும்போது முழுசாக இறுக்கவில்லை. சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகுதான் இறுக்கினார். அந்தரத்தில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

சில வண்டிகளில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றுவது அதன் வேலை. குந்திய வண்டியில் அது காலி வண்டியைப் பாரவண்டி என்று நினைத்துக்கொள்ளும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு அது போதும். புதுக் கமான் போட்டால் இதையும் ஹெட்லைட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்துப் பெரியப்பா டேப்போடு போன் செய்தார். ஒரு செ.மீ. இறங்கிவிட்டதாம், ஏமாற்றிவிட்டார்களாம். புதுப் பட்டை முதல் சில வாரங்களில் கொஞ்சம் படியும் என்றேன். யு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்க அந்த வாரமே பட்டறைக்குப் போனோம்.