ஒரே ஒரு கியர் மட்டும் ஏன் அரைக்கிறது?

"பதினெட்டு வருடப் பழைய கார். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றும்போது மட்டும் கரகரவென்று அரைக்கிறது. கியர்பாக்ஸே போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

'மட்டும்' என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. எல்லாக் கியரும் அரைத்தால், அதிலும் நிற்கிற வண்டியில் ரிவர்ஸ் போடும்போதும் அரைத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரு கியர் மட்டும் என்றால், கியர் விழுமுன் வேகங்களைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கியரின் விகிதம் 2 (கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 2 சுற்று), மூன்றாவதுக்கு 1.4 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது கியர் மாற்றுகிறீர்கள். வண்டியின் வேகம் மாறாதிருக்க, மூன்றாவதில் 2,100 சுற்று போதும். கிளட்சை மிதித்தபின்னும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஷாஃப்ட்டின் 900 சுற்றை யார் குறைப்பது? முன்பு ஓட்டுநர்தான் காதால் கேட்டுச் சரிசெய்தார். அந்த வேலையைத் தானே செய்யும் சிங்க்ரோமெஷ் 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. கியரின் கூம்புப் பரப்பில் ஒரு பித்தளை வளையம் போய் அழுந்துகிறது. உராய்வு கியரை மெதுவாக்குகிறது. அதே உராய்வு வளையத்தையும் சற்றே திருப்பிவிடுவதால், அதன் பற்கள், கியரைப் பூட்ட நகர்ந்து வரும் உறையான ஸ்லீவின் வழியை மறித்து நிற்கின்றன. கியர் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் கூம்புதான் இன்னும் இறுகும், கதவு திறக்காது. வேகங்கள் சமமானதும் உராய்வின் முறுக்கு அற்றுப்போகிறது. பற்களின் சாய்ந்த முனைகள் வளையத்தை ஒதுக்கித் தள்ள, ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சென்சார் இல்லை, கணினி இல்லை. வேகம் சமமா என்று அளப்பதும் அதைச் சமமாக்குவதும் ஒரே உராய்வு!

வளையத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலத்தை அறுக்கும் மெல்லிய வரிகள் உண்டு. அவை மழுங்கினால் பிடி போய்விடும். வேகம் சமமாகுமுன்பே ஸ்லீவ் மோதும். அதுதான் அந்தக் கரகரப்பு. உராய்வையும் தேய்மானத்தையும் ஆராய்வதற்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. இயந்திரங்களின் ஆயுள் அங்கேதான் கரைகிறது.

சரி, சோதனை எளிது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விட்டு, இன்ஜின் சுற்று இறங்கியதும் மறுபடி மிதித்து மூன்றாவதைப் போடுங்கள். அரைப்பு மறைந்தால் வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்லுமுன், கையேடு சொல்லும் எண்ணெய்தான் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும்.