சிட்-இன்: உள்ளிருப்பா, தர்ணாவா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'சிட்-இன்' (sit-in) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் பேனா கொஞ்சம் நின்றுவிடும். தர்ணா, மறியல், உள்ளிருப்பு என்று மூன்று சொற்கள் கைக்கு வரும். மூன்றும் ஒன்றல்ல. எது பொருந்தும் என்று தெரிய, அன்று அங்கே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரம். எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போய்ச் சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடைக்காரர்கள் அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அதே கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. அந்த நாற்காலிகள் வெள்ளையருக்கு மட்டும். நால்வரும் வாக்குவாதம் செய்யவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. கடை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் தென் மாநிலங்கள் பலவற்றில் இது பரவியது. ஜூலை 25ஆம் தேதி அந்தக் கடை இறங்கி வந்தது. அன்று அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அதே கடையில் வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள்.

இந்த முறை அன்று பிறந்ததில்லை. 1939இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில், உறுப்பினர் அட்டை மறுக்கப்பட்ட ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தார்கள், கைதானார்கள். அதற்கும் முன்பே தொழிற்சங்கத்தினர் 'சிட்-டவுன்' வேலைநிறுத்தம் நடத்தியிருந்தார்கள். 1936 டிசம்பரில் தொடங்கி 44 நாள், மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியேற மறுத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'தர்ணா' வடமொழியிலிருந்து இந்தி வழியாக வந்தது. கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் பழைய தர்ணா. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டமே, ஒருவர் வாசலில் தர்ணா இருப்பதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொன்னது. தர்ணா இருப்பவர் வெளியே இருக்கிறார். கிரீன்ஸ்பரோ மாணவர்கள் வாசலில் உட்காரவில்லை. தங்களுக்கு மறுக்கப்பட்ட அதே இருக்கையில் உட்கார்ந்தார்கள். 'மறியல்' என்றால் தடுப்பது. அவர்கள் யாரையும் தடுக்கவில்லை.

மிஞ்சுவது 'உள்ளிருப்புப் போராட்டம்'. இதன்மேலும் எனக்கு முதலில் ஒரு தயக்கம் இருந்தது. நம் ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தைவிட்டு வெளியேறாமல் இருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். அது ஃபிளின்ட்டுக்குப் பொருந்தும். காபி கேட்ட மாணவர்களுக்குப் பொருந்துமா? 'உட்காருதல்' அதில் எங்கே?

'இரு' என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. வீற்றிருத்தல், கொலுவிருத்தல், வடக்கிருத்தல் எல்லாவற்றிலும் அது உட்காருவதுதான். 'இருக்கை' அதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரை இன்றும் 'இருங்கோ' என்றுதான் உட்காரச் சொல்கிறார்கள். அதே சொல் வாழ்வதையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லில் உடம்பின் நிலை மட்டும்தான் தெரிகிறது. 'உள்ளிருப்பு' என்னும்போது உட்கார்ந்திருப்பதும், நானும் இங்கே ஓர் ஆள் என்பதும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மூலத்தைவிடத் தமிழ்ச்சொல் ஆழமாக விழுந்த இடங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

1977இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததற்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. அரசுப் பணம் பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற சட்டப்பிரிவு 504, 1973இலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்து விழவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி ஜூடி ஹியூமன் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மூன்று வாரத்துக்கு மேல் வெளியேறவில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பலர். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி கையெழுத்து விழுந்தது. ஏற்கெனவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நடத்தும் போராட்டத்தில் 'சிட்' என்ற சொல்லுக்குப் பெரிய பொருளில்லை. அங்கே பேசியது அவர்களுடைய இருப்பு.

கிரீன்ஸ்பரோவுக்குப் பிறகு 'இன்' என்ற வாலை அமெரிக்கர்கள் பல வினைகளோடு ஒட்டினார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடற்கரையில் இறங்கியது வேட்-இன், தேவாலயத்தில் மண்டியிட்டது நீல்-இன். 1966இல் நியூயார்க்கில், தன்பாலீர்ப்பாளர்கள் 'நாங்கள் இன்னார்' என்று சொல்லிவிட்டு, அப்படிப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டு வந்த மதுவைக் கேட்டது சிப்-இன். தமிழில் அந்த வேலையை 'போராட்டம்' என்ற சொல் செய்கிறது. குடியேறும் போராட்டம், காத்திருப்புப் போராட்டம் என்று நாம் பழகியதுதானே. கடலில் இறங்கும் போராட்டம், மண்டியிடும் போராட்டம் என்று தயங்காமல் எழுதலாம்.

'டீச்-இன்' மட்டும் எளிதில் பிடிபடவில்லை. 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வியட்நாம் போரை எதிர்த்து இரவெல்லாம் வகுப்பெடுத்தார்கள். யாருக்கும் மறுக்கப்பட்ட இடமில்லை அது, அவர்களுடைய வகுப்பறைதான். அதற்கு 'உள்ளிருப்பு' ஒத்துவராது. இப்போதைக்கு 'விடிய விடியப் பாடம் நடத்தும் போராட்டம்' என்று விரித்தே எழுதுகிறேன்.