ரெலிக் என்பது நினைவுச்சின்னம் அல்ல

டப்பிங் படம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடிச் சிமிழைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நாயகன் கூரை மேல் ஓடுகிறான். கீழே நிற்கும் வில்லன் கத்துகிறான்: “நினைவுச்சின்னத்தை எடுத்துட்டு ஓடுறான், பிடிங்க!” நினைவுச்சின்னத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியுமா? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் நினைவுச்சின்னம். தொல்லியல் துறை பலகை வைத்து வேலி போட்டுக் காப்பது நினைவுச்சின்னம். அதைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமார்தான் வரவேண்டும்.

ஆங்கில வசனத்தில் இருந்த சொல் ரெலிக் (relic). அதற்கு மூலம் லத்தீனின் ‘ரெலிக்குவியே’. விட்டுச்சென்றவை, மிஞ்சியவை என்று பொருள். புனிதர் ஒருவரின் எலும்பு, முடி, உடை போன்றவற்றைக் குறிக்கக் கிறிஸ்தவம் அதை எடுத்துக்கொண்டது. வழக்கமாக மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: உடலின் பகுதி முதல் வகை, அவர் உடுத்தியதும் பயன்படுத்தியதும் இரண்டாம் வகை, அவற்றில் தொட்டு எடுத்த துணி போன்றவை மூன்றாம் வகை.

நினைவுச்சின்னம் என்பது ஒருவரையோ ஒரு நிகழ்வையோ நினைக்கப் பிறர் எழுப்புவது, அல்லது காலம் விட்டுவைத்த கட்டடம். ரெலிக் நினைவூட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நம்புகிறவருக்கு அது அந்தப் புனிதரேதான், அவருடைய ஒரு துண்டு. பாரிஸைப் பாருங்கள். பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி 1239இல் இயேசுவின் முள்முடி என்று போற்றப்பட்டதை 135,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்துப் பெற்றார். அதை வைக்கச் சேன்ட் சப்பல் ஆலயத்தைக் கட்டினார். அதற்கு ஆன செலவு சுமார் 40,000 லிவ்ர்தான். முள்முடி ரெலிக், ஆலயம் நினைவுச்சின்னம். பிற்காலத்தில் அம்முடி நோத்ர தாம் பேராலயத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 15 அன்று அங்கே கூரை எரிந்தபோது, நினைவுச்சின்னம் எரிந்துகொண்டிருக்க ரெலிக்கை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு இந்தச் செய்தியை எப்படித் தமிழில் எழுதுவது?

‘எச்சம்’ என்பாரும் உண்டு. வேர்ப்பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. எஞ்சியது எச்சம், வள்ளுவரும் ‘எச்சத்தாற் காணப்படும்’ என்கிறார். ஆனால் இன்றைய காதில் எச்சம் என்றால் காக்கை போடுவது. ‘புனிதரின் எச்சம்’ என்று வசனம் பேசினால் அரங்கம் சிரிக்கும். ‘புனிதப் பொருள்’ தப்பில்லை, ஆனால் தளர்ந்த சொல். பூசைக் கிண்ணமும் புனிதப் பொருள்தான், ஜெபமாலையும் புனிதப் பொருள்தான்.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் இரண்டு சொற்கள் தயாராகவே இருக்கின்றன: திருப்பண்டம், அருளிக்கம். அருளிக்கம் அந்த லத்தீன் சொல்லே, போர்த்துகீசியர் வழியாக வந்து ‘அருள்’ என்ற வேடம் போட்டுக்கொண்டது. தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு உறுத்தவில்லை. இத்தனை அழகாகத் தமிழ் உடுத்திய சொல்லை ஏன் விரட்ட வேண்டும்? ஆனால் ஆலயத்துக்கு வெளியே பலர் அதைக் கேட்டதில்லை. திருப்பண்டம் கேட்டவுடன் புரியும். ‘பண்டம் என்றால் தின்பண்டம், விற்பனைச் சரக்கு’ என்பது அதன்மேல் வரும் குறை. திருச்சபைச் சட்டம் 1190 திருப்பண்டங்களை விற்கக் கூடாது என்று தடுப்பதால் குறையில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் ‘திரு’ முன்னால் நிற்கும்போது யாருக்கும் முறுக்கு நினைவுக்கு வராது. பொது வசனத்துக்குத் திருப்பண்டம், பாதிரியார் வாய்க்கு அருளிக்கம் என்று பிரித்துக்கொள்வேன். இலங்கையின் கண்டியில் போற்றப்படும் புத்தரின் பல்லுக்கு இரண்டும் வேண்டாம். பௌத்தருக்கு அது தாது. இலங்கைத் தமிழ் ஏடுகள் ‘புனித தந்ததாது’ என்றே எழுதுகின்றன.

சொல் சரியாக இருந்தால் கதையும் சரியாக விளங்கும். திருப்பண்டம் இருக்கும் சிமிழின் முன்பக்கம் கண்ணாடி. உள்ளே துணியில் ஒட்டிய துணுக்கு, அதன் கீழ் புனிதரின் பெயர் எழுதிய காகித நறுக்கு. பின்பக்கம் திறந்து மூடும். உட்புறம் சிவப்பு நூலால் கட்டி, அரக்கில் முத்திரை குத்தியிருக்கும். கூடவே ஒரு சான்றிதழும் உண்டு. நூல் அறுந்தாலோ முத்திரை உடைந்தாலோ உள்ளிருப்பது மாற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் வந்துவிடும், பொது வணக்கத்துக்கு வைக்கத் தயங்குவார்கள். வில்லன் அரக்கை உடைக்கும் காட்சியில் பாதிரியார் பதறுவது அதனால்தான். “நினைவுச்சின்னத்தை உடைச்சுட்டான்” என்று மொழிபெயர்த்தால் அந்தப் பதற்றம் எங்கே போகும்?

இதே படங்களில் ‘சீக்ரெட் சொசைட்டி’க்குப் போடும் ‘ரகசிய சமூகம்’ இன்னொரு கொடுமை. சமூகம் பிறந்து சேர்வது. உறுதிமொழி எடுத்துச் சேர்வது சங்கம். 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட்டில் ஆதாம் வைஷாப்ட் தொடங்கிய இல்லுமினாட்டி ஒரு ரகசியச் சங்கம். டெம்ப்ளர்கள் அதுகூட இல்லை. 1312இல் போப் ஐந்தாம் கிளமெண்ட் கலைக்கும் வரை திருச்சபையே ஏற்றிருந்த வெளிப்படையான போர்த்துறவியர் சபை அவர்களுடையது. இயேசு சபை என்று சொல்லத் தெரிந்த தமிழில் டெம்ப்ளர் சபை என்று சொல்ல வராதா? துறவியர் சபையைக் குறிக்கும் ‘ஆர்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கட்டளை என்று எண்ணி ‘டெம்ப்ளர்களின் உத்தரவு’ என்று வசனம் எழுதினால், யார் யாருக்கு என்ன உத்தரவு போட்டார்கள் என்று படம் முடியும்வரை தேடவேண்டியதுதான்.