திசை பழகிய பீங்கான்

குவார்ட்ஸ் படிகம் ஒன்றைச் சரியான திசையில் வெட்டி எடுத்து அழுத்தினால், அதன் இரு முகங்களிலும் மின்னூட்டம் தோன்றும். 1880இல் பியேர் க்யூரியும் அவருடைய அண்ணன் ழாக் க்யூரியும் பாரிஸில் கண்டறிந்தது இது. இப்போது அதே படிகத்தை மாவாக அரைத்து, மாவை வில்லையாகத் தட்டி, சூளையில் சுட்டு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். இந்த வில்லையை எவ்வளவு அழுத்தினாலும் மின்னூட்டம் வராது. துகள் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடப்பதால், ஒன்று தருவதை இன்னொன்று அழித்துவிடுகிறது.

சரி, அப்படியானால் கேஸ் லைட்டருக்குள் இருக்கும் சின்ன உருளை எப்படி வேலை செய்கிறது? அதுவும் மாவைச் சுட்டுச் செய்த பீங்கான்தான். அதன்மேல் ஒரு சிறு சுத்தியல் விழுந்ததும் பல ஆயிரம் வோல்ட் பிறந்து தீப்பொறி பறக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவியின் முனையிலும் இதே வகைப் பீங்கான்தான் பெரும்பாலும் இருக்கிறது. குவார்ட்ஸ் மாவால் முடியாதது இந்த மாவால் எப்படி முடிந்தது? அழுத்தினால் மின்னூட்டம் தரும் இந்த அழுத்தமின் (பீசோஎலக்ட்ரிக்) பீங்கான்களைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான் என்பது என் எண்ணம்.

பேரியம் டைட்டனேட் என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்குப் பெரோவ்ஸ்கைட் அமைப்பு என்று பெயர். ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்யுங்கள். எட்டு மூலைகளிலும் பேரியம், ஆறு முகங்களின் நடுவில் ஆக்சிஜன், உள்ளே நட்டநடுவில் டைட்டானியம். கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேலே டைட்டானியம் சராசரியாக நடுவிலேயே நிற்கும். வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கியதும் டைட்டானியம் ஒரு பக்கமாகச் சற்று நகர்கிறது, ஆக்சிஜன்கள் எதிர்ப்பக்கம் நகர்கின்றன. கனசதுரம் அந்தத் திசையில் ஒரு சதவீத அளவுக்கு நீண்டுவிடுகிறது. நேர்மின்னூட்டத்தின் மையமும் எதிர்மின்னூட்டத்தின் மையமும் விலகியதால், இந்தக் கனசதுரக் கூடு ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின் இருமுனையாக மாறுகிறது. இந்த மாற்றம் நிகழும் வெப்பநிலைக்குக் க்யூரி வெப்பநிலை என்று பெயர்.

டைட்டானியம் எந்தப் பக்கம் நகரும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேல், கீழ், இடம், வலம், முன், பின் என ஆறு திசைகளும் அதற்கு ஒன்றுதான். வெளியிலிருந்து வலுவான மின்புலம் கொடுத்தால், ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு அது தாவும். மின்புலத்தை எடுத்த பிறகும் அங்கேயே நிற்கும். குவார்ட்ஸின் திசை அதன் கட்டமைப்பிலேயே பதிந்துபோனது, மின்புலம் கொடுத்து அதை மாற்ற முடியாது. பேரியம் டைட்டனேட்டைப் போலத் திசை திரும்பக்கூடிய பொருட்களைத்தான் ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்கிறோம். 'ஃபெர்ரோ' என்று பெயரில் இரும்பு இருந்தாலும் பொருளில் இரும்பு இருக்க வேண்டியதில்லை. இரும்புக் காந்தம் திசையை நினைவில் வைத்திருப்பதுபோல இவையும் வைத்திருப்பதால் ஒட்டிய பெயர் அது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் 1920இல் ரோஷெல் உப்பு என்ற படிகத்தில் இந்தப் பண்பை முதலில் கண்டார். ஆனால் ரோஷெல் உப்பு தண்ணீரில் கரையும், ஈரக்காற்றில் கெடும். உறுதியான பீங்கானிலும் இது உண்டு என்பது தெரிய இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்தேக்கிகளுக்கு நல்ல பொருள் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க, சோவியத், ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே பேரியம் டைட்டனேட்டை வந்தடைந்தார்கள்.

சூளையிலிருந்து வெளியே வரும் பேரியம் டைட்டனேட் வில்லையும் முதலில் குவார்ட்ஸ் வில்லையைப் போலத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் வராது. அதற்குத் திசை பழக்க வேண்டும். இருபுறமும் வெள்ளிப் பூச்சு பூசி மின்முனைகள் அமைப்பார்கள். வில்லையை நூறு டிகிரிக்கு மேல் சூடான சிலிக்கோன் எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு இரண்டு, மூன்று ஆயிரம் வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் கொடுத்துச் சில நிமிடங்கள் வைத்திருப்பார்கள். அந்த அளவு மின்னழுத்தத்தில் காற்று பொறி விட்டுவிடும், அதனால் எண்ணெய். சூட்டில் இருமுனைகள் இலகுவாகத் திரும்பும், அதனால் வெப்பம். பேரியம் டைட்டனேட் என்றால் அதன் க்யூரி வெப்பநிலையை ஒட்டிச் சூடாக்கி, மின்புலத்தை எடுக்காமலே ஆறவிடுவது வழக்கம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வருவதுண்டு. துகள்கள் எழுந்து திரும்பி நிற்பதில்லை. அவை சுட்டு இறுகிய இடத்தில் இறுகியபடியேதான் இருக்கின்றன. துகளுக்குள் இருக்கும் இருமுனைகள் மட்டும், தமக்கு அனுமதிக்கப்பட்ட திசைகளில் மின்புலத்துக்கு மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே ஒழுங்கு முழுமையாக இருக்காது. ஆனால் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் என்ற ரத்து முடிந்துவிட்டது. இப்போது அழுத்தினால் மின்னூட்டம் வரும், மின்னழுத்தம் கொடுத்தால் வில்லை நீளும்.

எவ்வளவு வரும்? குவார்ட்ஸை ஒரு நியூட்டன் விசையால் அழுத்தினால் வருவது 2 பிகோகூலுமுக்குச் சற்று மேல் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு, பிகோ என்றால் அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). பேரியம் டைட்டனேட் பீங்கானில் சுமார் 190. அழகு என்னவென்றால், எதிர்த்திசையிலும் அதே எண்தான் வரும். 400 என்ற எண் கொண்ட பீங்கான், ஒரு வோல்ட்டுக்கு 400 பிகோமீட்டர் நீளும். 100 வோல்ட் கொடுத்தாலும் 0.04 மைக்ரோமீட்டர்தான். இது போதாத இடங்களில் மெல்லிய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். 300 ஏடுகள் சேர்ந்தால் 12 மைக்ரோமீட்டர் வந்துவிடும். டீசல் எஞ்சினில் எரிபொருள் தெளிக்கும் வால்வைத் திறந்து மூட இந்த மாதிரி அடுக்குகள் பயன்படுகின்றன.

அப்புறம்தான் ஈயம் வந்தது. 1954இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பெர்னார்ட் ஜாஃபியும் உடன் பணியாற்றியவர்களும் ஈய சிர்கோனேட், ஈய டைட்டனேட் இரண்டையும் கலந்த பீங்கானின் அழுத்தமின் பண்பை வெளியிட்டார்கள். இந்தக் கலவையைத் துறையில் எல்லாரும் சுருக்கமாகப் பி.இசட்.டி. என்றே சொல்வார்கள். சிர்கோனியமும் டைட்டானியமும் ஏறத்தாழ 52க்கு 48 என்ற விகிதத்தில் இருக்கும்போது அதன் பண்பு உச்சத்தைத் தொடுகிறது. காரணம் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. டைட்டானியம் அதிகமுள்ள பக்கம் இருமுனைகளுக்கு ஆறு திசைகள். சிர்கோனியம் அதிகமுள்ள பக்கம் மூலைவிட்டங்களின் வழியே எட்டுத் திசைகள். இரண்டுக்கும் இடையிலான எல்லையில் எந்த அமைப்பில் இருப்பது என்று பொருளே முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறது. பதினான்கு திசைகளும் கிட்டத்தட்ட ஒரே செலவில் கிடைக்கின்றன. ஒரு துகள் எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் மின்புலத்துக்கு அருகில் ஏதோ ஒரு திசை அதற்குக் கிடைத்துவிடும். லேசாகத் தொட்டாலே இருமுனை சாயவும் செய்யும். அந்த எல்லைக்கோட்டில் இடைப்பட்ட இன்னொரு படிக அமைப்பும் ஒளிந்திருந்தது என்பது 1999இல்தான் தெரியவந்தது.

இதோடு நிற்கவில்லை. ஒரு சதவீத அளவுக்கு நையோபியம் சேர்த்தால் பி.இசட்.டி. 'மென்மை' ஆகிறது: உணர்திறன் கூடும், ஆனால் விரைவில் சூடாகும். இரும்பு சேர்த்தால் 'கடினம்' ஆகிறது: உணர்திறன் குறையும், ஆனால் மீயொலியால் பொருட்களைச் சுத்தம் செய்யும் தொட்டி போன்ற கடும் உழைப்பைத் தாங்கும். ஒரு சிட்டிகை மாற்று அணு ஒரு பொருளின் குணத்தையே இப்படி மாற்றுவதைப் பார்க்கும்போது, சமையலில் உப்பைத் தவிர வேறு ஒப்பு எனக்குத் தோன்றுவதில்லை. பழகிய திசையும் காலத்தோடு கொஞ்சம் தளரும். முதல் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எவ்வளவு தளருமோ, பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள் வரையிலும் ஏறக்குறைய அவ்வளவே தளரும். அதனால்தான் புதிதாகப் பழக்கிய பீங்கானை உடனே அளக்காமல் ஒரு நாள் ஆறப்போடுகிறார்கள்.

பி.இசட்.டி.யின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஈயம்தான். சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாக வெளியேறும். மூடிய மூசையில் வைத்து, ஈயம் கலந்த பொடியையும் உடன் போட்டு அந்த இழப்பைச் சமாளிக்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. மின்னணுப் பொருட்களில் அதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2006இல் நடைமுறைக்கு வந்தபோதும், அழுத்தமின் பீங்கானுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஈடான மாற்றுப் பொருள் கையில் இல்லை என்பதுதான் காரணம். ஈய அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான் இணை ஆக்சிஜனோடு பிணைந்து கூட்டை மேலும் கோணச் செய்கிறது. இந்த உதவியைச் செய்ய வேறொரு தனிமத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

முயற்சிகள் உண்டு. 2009இல் பேரியம் டைட்டனேட்டில் கால்சியமும் சிர்கோனியமும் சேர்த்து நியூட்டனுக்கு 620 பிகோகூலும் என்ற எண்ணைத் தொட்டார்கள், பி.இசட்.டி.யின் சிறந்த வகைகளுக்கு நிகரானது அது. ஆனால் அதன் க்யூரி வெப்பநிலை நூறு டிகிரியைக்கூட எட்டவில்லை. எஞ்சின் அருகே வைத்தால் பழகிய திசை அத்தனையும் மறந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஜப்பானில் சைட்டோ என்ற ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட பீங்கான். பொட்டாசியம், சோடியம், நையோபியம் கலந்த அதன் மாவுக்குள் தட்டை வடிவச் சிறு படிகங்களை விதைபோலத் தூவினார்கள். மாவை மெல்லிய ஏடாக இழுத்தபோது அந்தத் தட்டைகள் எல்லாம் படுத்தவாக்கில் அமைந்தன. சுடும்போது சுற்றியிருந்த துகள்கள் அவற்றைப் பின்பற்றி வளர்ந்தன. சூளையிலிருந்து வெளியே வந்தபோதே துகள்களின் ஓர் அச்சு ஒரே பக்கம் பார்த்து நின்றது. அதன்பிறகு மின்புலம் கொடுத்துப் பழக்கியபோது கிடைத்த எண் 416. குவார்ட்ஸை மாவாக அரைத்தபோது எந்த ஒழுங்கு தொலைந்ததோ, அதன் ஒரு பகுதியை இவர்கள் மாவிலிருந்தே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.