கமரா என்ன எழுதுகிறது? அதைக் கேட்ட பிறகுதான் கணினி

"அண்ணை, எடிட்டிங்குக்கு ஒரு பிசி போடவேணும். ஐ7 போட்டு நல்ல கார்ட் ஒன்றும் போட்டால் காணும்தானே?"

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் இருக்கும் என் கடைக்கு வரும் வீடியோக்காரத் தம்பிமார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். காசு அநேகமாகக் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணன் அனுப்பியதாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "உம்மட கமரா எது? அதில எந்த செட்டிங்கில எடுக்கிறீர்?" முதல் பாதிக்குப் பதில் உடனே வரும். இரண்டாவதற்கு ஒரு சிரிப்புத்தான் வரும்.

இதைக் கேட்க நான் பழகியது என் கைப்பிழையால். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு கலியாண வீடியோக்காரருக்கு ஐ5-12400எஃப் புரொசசர், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட், 32 ஜிபி ராம் என்று ஒரு பிசி போட்டுக் கொடுத்தேன். எவரைக் கேட்டாலும் நல்ல பிசி என்றுதான் சொல்வார்கள். இரண்டு கிழமை கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாலி கட்டும் காட்சி டைம்லைனில் இரண்டு விநாடி ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் புரொசசர் 100 வீதத்தில் திணறிக்கொண்டிருக்க, அத்தனை காசு கொடுத்து வாங்கிய கார்ட் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தது.

அவர் எடுத்தது கெனன் ஆர்6 கமராவில், எச்.265, 10 பிட், 4:2:2. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை; 10 பிட்டும் 4:2:2 உம் நிற விபரம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்பதைச் சொல்பவை. பிரச்சினை அந்த மூன்று சொல்லில் இருந்தது.

இந்த வகையில் கமரா ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு போகும். அதனால்தான் கோப்பு சிறிதாக இருக்கிறது. ஆனால் எடிட்டிங்கில் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், கணினி அதற்கு முந்திய முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிக்கொண்டு வரவேண்டும். இந்த வேலைக்கென்றே புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியிலும், தனிக் கிராபிக்ஸ் கார்டிலும் டிகோடர் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. தனக்குத் தெரிந்த வகையை அது சுகமாக விரிக்கும். தெரியாத வகை வந்தால் சுமை முழுவதும் புரொசசரின் தலையில்.

எச்.265 இன் 10 பிட் 4:2:2 வகையை இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து விரிக்கும். என்விடியா கார்டுகளுக்கு அது 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. 3060, 4060 எதற்கும் இல்லை. அப்படியென்றால் 12400 என்ற 12ஆம் தலைமுறை ஐ5 விரித்திருக்க வேண்டுமே? நான் போட்டது எஃப். இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனிக் கார்ட்தான் இருக்கிறதே என்று சில ஆயிரம் ரூபா மிச்சம் பிடித்திருந்தேன். எஃப் இல்லாத 12400ஐ மாற்றிப் போட்டு, பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் உள்ள இடம்) அணைந்திருந்த உள்ளமைந்த கிராபிக்ஸையும் திறந்து விட்டேன். தனிக் கார்ட் இருந்தால் சில மதர்போர்டுகள் அதைத் தானாக அணைத்துவிடும், இதையும் கவனியுங்கள். அதே கோப்பு பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பழைய சிப்பின் நட்டம் என்னோடு.

உங்கள் கோப்பு எந்த வகை என்று தெரியாவிட்டால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். சொனிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. 10 பிட் 4:2:2 இல் எடுப்பதென்றால் இன்டெல் கைகொடுப்பது இரண்டாவதற்குத்தான். வெறும் 8 பிட் 4:2:0 இல் எடுக்கிறவருக்கு இந்தத் தலையிடி எதுவும் இல்லை. சாமத்திய வீட்டுக்கு 10 பிட் தேவையா என்பது வேறு கதை. நிறத்தைப் பெரிதாக மாற்றாதவர் ஏன் அந்தச் சுமையைச் சுமக்கவேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, அந்த 'ஐ7'. வெளிநாட்டிலிருந்து வந்தது, கொழும்பில் மலிவாக எடுத்தது என்று ஐ7-3770 பிசிக்களை இன்னும் கொண்டுவருகிறார்கள். அது 2012இல் வந்த சிப். எச்.265 என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டுத் த்ரெட்தான், ஆனால் எடிட்டிங்கில் பழைய ஐ7ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பதை விட அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள்: 12100 என்றால் 12ஆம் தலைமுறை, 3770 என்றால் 3ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

கிராபிக்ஸ் கார்ட் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் கார்டை நம்பியே ஓடுகிறது, 4கே என்றால் 8 ஜிபி நினைவகத்துக்குக் கீழே இறங்காதீர்கள். பிரீமியர்காரர் முதலில் புரொசசருக்குச் செலவழிக்கலாம். பழைய கார்ட் வாங்குவதென்றால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய சிப்பில் பெயரை மட்டும் 1050 டிஐ என்று மாற்றி எழுதிய போலிகள் உண்டு. பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே ஜிபியு-இசட் காட்டிக்கொடுக்கும்.

ராம் எச்டிக்கு 16 ஜிபி, 4கேக்கு 32. ஒற்றையாய் 16 போடாமல் 8 இரண்டாகப் போடுங்கள்.

சேமிப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 100 மெகாபிட் என்று எடுக்கும் 4கே, எட்டால் பிரித்தால் 12.5 மெகாபைட். மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. இரண்டு கமரா ஆளுக்கு நான்கு மணித்தியாலம் எடுத்தால் ஒரே கலியாணம் 360 ஜிபி. ஆனால் வேகம் என்று பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. விநாடிக்கு 550 மெகாபைட் படிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கே இரண்டு மூன்று கமராவும் தூசு. 7000 என்று பெட்டியில் அடித்திருக்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசை ராமில் போடுங்கள். வேலை நடப்பது எஸ்எஸ்டியில், முடிந்தது போவது ஹாட் டிஸ்க்கில், அதன் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு ஹாட் டிஸ்க்கில். அல்பம் கொடுத்துக் காசு கைக்கு வரும்வரை மெமரி கார்டை அழிக்கவேண்டாம்.

இனி வன்னிக்கே உரிய சங்கதி. இங்கே எனக்கு வரும் பிசிக்களைக் கொல்வது கரண்டும் புழுதியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலம் போய்விட்டது, ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்குவது போகவில்லை. பக்கத்துக் காணியில் மோட்டர் போட்டால் பல்ப் மங்கும் வீடுகள் இருக்கின்றன. 650 விஏ யுபிஎஸ் என்று கேட்டு வாங்குகிறீர்கள். அது அநேகமாக 360, 390 வாட் தாங்கும். 3060 கார்ட் மட்டும் 170 வாட் இழுக்கும், 12400 உச்சத்தில் 117, மொனிட்டர் வேறு. எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் கத்திவிட்டு விழுந்துவிடும். 1000 விஏக்கு மேல் எடுங்கள், அதுவும் சேமித்து அணைக்கிற சில நிமிடத்துக்குத்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாலும் வரும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மின்வேலைக்காரரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் ஒழுங்கைப் பக்கம் யன்னல் உள்ள அறையில் பிசி வைத்தால் மூன்று மாதத்தில் விசிறிக்குள் செம்மண் படிந்துவிடும். சூடு ஏறினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் பிசி பழசாகிவிட்டது என்று நினைப்பீர்கள். பவர் சப்ளைக்குள் எறும்புப் புற்று, ஒருமுறை பல்லி முட்டை கூட எடுத்திருக்கிறேன்.

காசு இல்லாதவருக்கு வழியில்லை என்று நினைக்கவேண்டாம். விசுவமடுவில் ஒரு பெடியன், லண்டன் மாமி கொடுத்த 8ஆம் தலைமுறை ஐ5 லப்டொப்பை வைத்திருக்கிறார். ராமை 16 ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்து, புரொக்ஸி செய்யப் பழக்கினேன். இரவு படுக்கும்போது 4கே கிளிப்புகளை 720பி பிரதிகளாக மாற்ற விட்டுவிடுவார். பகலில் அந்தப் பிரதிகளை வைத்து வெட்டுவார். கடைசி எக்ஸ்போர்ட்டில் மென்பொருள் தானே அசலை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் லப்டொப் பற்றரி இருக்கிறது, யுபிஎஸ்ஸும் மிச்சம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை விடிய விடிய எடுத்து, அதிலேயே வெட்டி முடித்தார்.

போன ஆவணியில் வந்தபோது, புதுப் பிசி ஒன்று போடுவோமா என்று நானே கேட்டேன்.

"முதல்ல ஒரு நல்ல மைக் வாங்கவேணும் அண்ணை" என்றார்.