ஏலக்காரர் இல்லாத ஏலம்

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் உறைபனி கொட்டிக் காபிச் செடிகள் கருகின. காபி விலை எகிறியது. 1977-இல் தேயிலை விலையும் தாறுமாறாக ஏறியது. இத்தனைக்கும் தேயிலைத் தோட்டங்களில் பனி விழவில்லை. காபி கட்டுப்படியாகாதவர்கள் டீக்கு மாறினால் அங்கும் கிராக்கிதானே. அந்தக் கிராக்கி தோட்டக் கூலி, கப்பல் வாடகை என்று பரவி, சுற்றிக்கொண்டு காபிக்கே வந்து சேரும். சரி, இதில் எந்த விலையை முதலில் கணக்கிடுவது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் என்றார் பிரெஞ்சுப் பொருளியலாளர் லியோன் வால்ரா. பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றவர். பிறகு சுவிட்சர்லாந்தின் லோசானில் பேராசிரியராகி, 1874-இல் பொதுச் சமநிலைக் கோட்பாட்டை வெளியிட்டார். பொருளுக்கு ஒரு சமன்பாடு: தேவையும் அளிப்பும் சமம்.

இதில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. யாராக இருந்தாலும், ஒன்றை விற்ற காசில்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். ஆகவே 100 சந்தைகளில் 99 சமன்பட்டுவிட்டால் நூறாவது தானே சமன்பட்டாக வேண்டும். மிஞ்சுவது 99 சமன்பாடுகள், 100 விலைகள். ஏதாவது ஒரு பொருளின் விலையை 1 என்று வைத்து, மற்றவற்றை அதைக் கொண்டு அளந்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் விடை கிடைத்துவிடாது. எந்த மெய்யெண்ணின் வர்க்கம் -1? சமன்பாடு ஒன்று, மாறி ஒன்று, விடை இல்லை. வால்ராவின் சமன்பாடுகளுக்கு விடை உண்டு என்று பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ஜெரார் டெப்ரூவும் 1954-இல் நிறுவினார்கள், சில நிபந்தனைகளோடு. கருவி, நிலைப்புள்ளித் தேற்றம். ஊர் வரைபடத்தைக் கசக்கி அதே ஊரில் தரையில் போடுங்கள். வரைபடத்தின் ஏதோ ஒரு புள்ளி, தான் குறிக்கும் இடத்துக்கு நேர் மேலேயே கிடக்கும். சமநிலை விலையும் அப்படித்தான்: தேவை மிஞ்சினால் ஏற்று, சரக்கு தேங்கினால் இறக்கு என்ற விதி அசைக்காத புள்ளி.

அந்தப் புள்ளிக்குச் சந்தை எப்படிப் போய்ச் சேரும்? வால்ரா பாரிஸ் பங்குச் சந்தையை மனதில் வைத்து, விலையைக் கூவிக் கூவித் தடவிக் கண்டுபிடிப்பதாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதற்கு ஓர் ஏலக்காரரையே கற்பித்தார்கள். சரியான விலை வரும்வரை யாரும் எதையும் வாங்கக் கூடாதாம்! எந்தக் கடைத்தெருவில் இது நடக்கும்? அந்த ஏலக்காரரும் கைகொடுப்பார் என்ற உறுதியில்லை. மூன்றே பொருள்கள் உள்ள சந்தையில் விலைகள் நிலைகொள்ளாமல் வட்டமடிப்பதை 1960-இல் பொருளியலாளர் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் காட்டினார்.

அதே ஸ்கார்ஃப்தான் 1967-இல் சமநிலை விலைகளைக் கணினியில் தேடும் முறையையும் வெளியிட்டார். ஒரு வரியை ஏற்றினால் மற்ற விலைகள் என்னவாகும் என்று பார்க்கும் இன்றைய மாதிரிகளுக்கு அது வழிவிட்டது.